முன்பக்கம் முடிந்தது, பின்துணி எங்கே? குயில்ட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

குயில்ட் தைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், துணி வாங்குவதையும் பாதியில் நிற்கும் வேலைகளையும் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: துண்டுகளை இணைத்த முன்பக்கம், நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் பின்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்துப் பிடிப்பதே குயில்ட்.

சென்னை மயிலாப்பூர் வாசகி: ஒற்றைக் கட்டிலுக்கு முதல் குயில்ட் தைக்க விரும்புகிறேன். வெறும் சதுரங்கள் போதும். ஆனால் கடைக்காரர் "எத்தனை மீட்டர்?" என்று கேட்டால் விழிக்கிறேன். எப்படிக் கணக்கிடுவது?

தைத்து முடித்த பிறகு 6 அங்குலம் வரும் சதுரங்களை அகலத்தில் 10, நீளத்தில் 13 என்று வைத்தால் போர்வை 60க்கு 78 அங்குலம் வரும். ஒற்றைக் கட்டிலின் இரு புறமும் தாராளமாகத் தொங்கும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால், வெட்டும் அளவு ஆறரை அங்குலம்; மொத்தம் 130 சதுரங்கள். 44 அங்குல அகலத் துணியில் கரையும் சுருக்கமும் போக 42 அங்குலம் கைக்குக் கிடைக்கும். அதில் ஒரு பட்டைக்கு 6 சதுரங்கள் விழும்.

இனிதான் கவனம் தேவை. அரை மீட்டர் என்பது ஏறத்தாழ 19.7 அங்குலம். ஆறரை அங்குலப் பட்டை மூன்றுக்கு 19.5 அங்குலம் போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் கடையில் வெட்டிக் கொடுக்கும் துணி பெரும்பாலும் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நூல் நேர் பார்த்து ஓரத்தைச் சீராக்கினாலே ஓர் அங்குலம் போய்விடும். நனைத்துக் காயவைத்தால் இன்னும் குறையும். ஆகவே அரை மீட்டரில் இரண்டு பட்டைகள், அதாவது 12 சதுரங்கள் என்றே கணக்கு வையுங்கள். 11 வகைத் துணிகளில் அரை அரை மீட்டர் வாங்கினால் 132 சதுரங்கள் கிடைக்கும், இரண்டு மிஞ்சும். எஞ்சும் சிறு பட்டைகள் அடுத்த வேலைக்கு ஆகும். 36 அங்குல அகலமுள்ள கைத்தறித் துணியாக இருந்தால் ஒரு பட்டைக்கு 5 சதுரங்களே விழும். கடையில் அகலத்தைக் கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

பின்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 68க்கு 86 அங்குலம் இருக்க வேண்டும். 44 அங்குலத் துணியில் 86 அங்குல நீளமாக இரண்டு துண்டுகள் எடுத்து நீளவாக்கில் இணைக்க வேண்டும். சுருக்கத்தையும் சேர்த்து 4¾ மீட்டர் வாங்குங்கள். இணைத்த பின் அகலம் 83 அங்குலத்துக்கு மேல் வரும். தேவை 68தான் என்பதால், ஓரத்தில் 15 அங்குல அகலமுள்ள நீண்ட பட்டை மிஞ்சும். அதை வீணாக்காமல் இரண்டரை அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளாக வெட்டினால் 344 அங்குலம் கிடைக்கும். போர்வையின் சுற்றளவு 276. மூலைகளுக்கும் இணைப்புகளுக்கும் 12 சேர்த்தாலும் விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் ஓரப்பட்டி முழுவதும் அதிலேயே முடிந்துவிடும்.

எங்கே வாங்குவது என்றால், தியாகராய நகரின் மேட்சிங் சென்டர்களில் அரை மீட்டர் வெட்டித் தரத் தயங்க மாட்டார்கள்; ஜார்ஜ் டவுனின் கொடவுன் தெரு பெரும்பாலும் மொத்த வியாபாரம் என்பதால், பின்துணிக்கு நீளமாக ஒரே துணி தேவைப்படும்போது அங்கே போவதில் பொருள் உண்டு. எதை முதலில் வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: பின்துணியை முதலில் வாங்குங்கள். காரணத்தைக் கோவை வாசகிக்கான பதிலில் காண்க.

கும்பகோணம் வாசகி: கல்யாணங்களிலும் கொலுவிலும் தாம்பூலத்துடன் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இவற்றை வைத்தே ஒரு குயில்ட் தைத்துவிட முடியுமா?

முடியும். ஆனால் பெட்டியில் இருப்பவை எல்லாம் பருத்தியாக இரா. கையில் தொட்டுப் பார்த்துச் சொல்வதைவிட, ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு எரித்துப் பார்ப்பதே உறுதியான வழி. பருத்தி காகிதம் போல எரிந்து, காகிதம் கருகிய மணத்துடன் விரலில் பொடியும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் சுடருக்கு அருகில் போனதுமே சுருங்கி உருகி, ஆறியபின் கல் போன்ற கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்குள்ளேயே அந்த மணி நெருடும். மணி நெருடும் துணிகளைப் பைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். பருத்திக்குரிய சூட்டில் இஸ்திரி போட்டால் அவை சுருங்கி, பக்கத்துச் சதுரத்தையும் இழுத்துக் கோணலாக்கும்.

மிஞ்சும் பருத்தித் துணிகளில் வேறொரு சிக்கல் இருக்கும். அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று தாம்பூலத் துணிகள் அனைத்துமே அழுத்தமான நிறங்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றையொன்று மிஞ்சும். அருகருகே தைத்தால் எதுவும் எடுபடாது. குயில்ட்டில் கண்ணுக்கு வடிவத்தைக் காட்டுவது நிறத்தைவிட வெளிறலும் அடர்த்தியும்தான். துணிகளைத் தரையில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வேறு வேறு நிறங்கள் என்று நாம் நம்பியவற்றுள் பாதி ஒரே சாம்பலாகத் தெரியும். ஆகவே பெட்டியில் இல்லாத ஒன்றை மட்டும் வாங்குங்கள்: ஹாஃப் ஒயிட் நிறத்தில் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக், தாராளமாக. ஒரு ரவிக்கைச் சதுரம், ஒரு வெளிர் சதுரம் என்று மாற்றி மாற்றி வைத்தாலே அந்தப் பெட்டிக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். ரவிக்கைக்கு விற்கும் டூ பை டூ ரூபியா மெல்லியது. வெளிர் துணியாக அதை வைத்தால் பின்னால் மடங்கியிருக்கும் அடர் நிறத் தையல் ஓரம் முன்னால் நிழலாடும்.

மதுரை வாசகி: சுங்குடித் துணியையும் அவுரி நீல அச்சுத் துணியையும் வெள்ளையுடன் சேர்க்க ஆசை, சாயம் ஏறிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே?

நிற்காது. உப்பு, சாயத் தொட்டியில் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ள உதவும் பொருள். கடைக்கு வந்துவிட்ட துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அது பூட்டி வைக்காது. வினிகருக்குப் பட்டு, கம்பளிச் சாயங்களில் வேலை உண்டு, பருத்தியில் இல்லை. மிஞ்சிய சாயத்தை வெளியேற்றுவதே நாம் செய்யக்கூடியது. துணியை வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை விழாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பல அலசலுக்குப் பிறகும் கறை விழும் துணியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்ற துணி என்பது அதன் பெருமைக்குச் சான்றே தவிர, சாயத்துக்கு உத்தரவாதம் அன்று. அவுரியில் இன்னொன்றும் உண்டு: நீரில் கரைவதைவிட உரசலில் உதிர்வது அதன் இயல்பு, தைக்கும்போது விரல் நீலமானால் பதற வேண்டாம்.

சாயம் போவதே பெயராகிப்போன துணியும் நம் ஊரதுதான். 1958இல் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனத்துக்குப் போன மதராஸ் கட்டத் துணி, வாங்கியவர்கள் துவைத்ததும் நிறம் கலந்து வழக்கு வரை போகும் நிலையானது. பிறகு 'சாயம் போவது உறுதி' என்றே விளம்பரம் செய்து அதை நாகரிகமாக்கிவிட்டார்கள். சட்டைக்கு அந்தச் சமாளிப்பு செல்லும். பல மாத உழைப்பில் உருவாகும் போர்வைக்குச் செல்லாது.

தைத்து முடித்த குயில்ட்டில் சாயம் ஏறிவிட்டால், முதல் விதி, காயவிடாதீர்கள். பெரிய தொட்டியில் வெந்நீரும் சோப்புத்தூளும் நிறைத்து, குயில்ட் முழுவதும் மூழ்கும்படி ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். காய்ந்து இஸ்திரி போட்ட கறையைவிட ஈரக் கறை எளிதில் விடும்.

கோயம்புத்தூர் வாசகி: நான்கு குயில்ட்டுகளின் முன்பக்கங்கள் தைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றையும் முடிக்காமல், நேற்று ஐந்தாவதற்குத் துணி வாங்கி வந்தேன். எனக்குப் பொறுமை போதவில்லை என்கிறார் கணவர். உண்மையா?

பொறுமை இல்லாதவரால் நான்கு முன்பக்கங்களைத் தைத்திருக்க முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். குறை துணிக்கடையில் தொடங்குகிறது. நாம் எல்லோரும் முன்பக்கத்துக்கான அச்சுத் துணிகளைத்தான் ஆசையோடு வாங்குகிறோம். பஞ்சுத் தகட்டையும் பின்துணியையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிடுகிறோம். முன்பக்கம் முடியும் வேளையில் கையிருப்பும் தீர்ந்திருக்கும். ஐந்து மீட்டர் பின்துணி வாங்குவது உற்சாகமில்லாத செலவாகத் தோன்றும். புது அச்சுத் துணியோ கூப்பிடும். அதனால்தான் பின்துணியை முதலில் வாங்கச் சொல்கிறேன். மூன்றடுக்கும் ஒரே பையில் இருக்கும் வேலைக்கும், முன்பக்கம் மட்டும் மடித்துக் கிடக்கும் வேலைக்கும் முடிவதில் பெருத்த வேறுபாடு உண்டு.

உங்கள் நான்கில் பழையதை அல்ல, சிறியதை எடுங்கள். பின்துணிக்குப் புதுத் துணிதான் வேண்டும் என்பதில்லை. மென்மையாகத் துவைபட்ட பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று, இணைப்பே இல்லாமல் போதும். நெருக்கமாக நெய்த விலையுயர்ந்த விரிப்புகளை மட்டும் தவிருங்கள். கைத்தையல் ஊசி அவற்றில் இறங்க மறுக்கும். அடுத்து, பலரும் அஞ்சுவது அடுக்குகளை ஒட்டும் வேலை. பின்துணியின் உட்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, மடிப்பில்லாமல், ஆனால் இழுத்துப் பிடிக்காமல், ஓரங்களை ஒட்டு நாடாவால் தரையோடு ஒட்டுங்கள். மேலே பஞ்சுத் தகடு, அதன் மேல் இஸ்திரி போட்ட முன்பக்கம். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு என்று, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிக் குத்திக்கொண்டே போங்கள். 60க்கு 78 அங்குலத்துக்கு 300 ஊக்குகள் வரை தேவைப்படும். பெட்டி பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். பின்துணியை இழுத்து ஒட்டியவர்கள்தான், நாடாவை எடுத்ததும் அது சுருங்கிப் பின்பக்கமெல்லாம் மடிப்பு விழுந்ததாக எழுதுகிறார்கள். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்து, நடுவிலிருந்து தொடங்கி, சதுர இணைப்புகளின் ஓரமாகவே நேர்கோடுகள் தைத்தால் போதும். கொடியும் பூவுமாக வளைத்துத் தைக்கத் தெரிந்த பிறகே முடிப்பேன் என்று காத்திருப்பதும் வேலை நின்றுபோகக் காரணம்.

என் மேசையிலும் முடியாத வேலைகள் உண்டு. இப்போது ஓடுவது அவுரி அச்சும் ஹாஃப் ஒயிட்டும் கலந்த முக்கோணங்கள். இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த 4 அங்குலச் சதுரத்துக்கு 4⅞ அங்குலம் வெட்டச் சொல்வது கணக்கு. நான் 5 அங்குலமாக வெட்டி, இரு நிறச் சதுரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்துப் பிளந்து, பிறகு நாலரைக்குச் செதுக்கிக்கொள்கிறேன். மூலைவாக்கில் வெட்டிய விளிம்பு கை பட்டாலே இழுபடும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டுவிடுவேன். சாதக் கஞ்சியே நன்றாக நிற்கிறது. ஆனால் கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் பூச்சி அரிக்கும். அந்தக் குயில்ட்டின் பின்துணியும் பஞ்சும் அதே பையில் இருக்கின்றன. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் வேறிரண்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அவற்றில் ஒன்றை வேறொருவருக்குக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். நீங்களும் அப்படிக் கொடுக்கலாம். தொடங்கியதையெல்லாம் நாமேதான் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நியூ ஜெர்சி வாசகி: எங்கள் பக்கத்து ஜோஆன் துணிக்கடை மூடிவிட்டது. கோடை விடுமுறைக்குச் சென்னை வரும்போது மொத்தமாகத் துணி வாங்கிச் செல்லலாமா? இங்குள்ள துணியுடன் அது சேருமா?

1943இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய ஜோஆன், 2025 மே இறுதிக்குள் தன் 800 கடைகளையும் மூடிவிட்டது. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் குயில்ட் துணிக்கென்றே நடக்கும் தனிக்கடைகள் உங்கள் நாட்டில் இன்னும் பரவலாக உள்ளன. அங்குள்ள குயில்ட் பருத்தி நம் கேம்ப்ரிக்கைவிடச் சற்றுக் கனமானது. இங்கிருந்து கொண்டுபோவதை முதலில் துவைத்துக் காயவைத்து, கஞ்சி போட்டு அதற்கு உடல் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். 5 அங்குலச் சதுரங்களாகவும் இரண்டரை அங்குலப் பட்டைகளாகவும் வெட்டியே விற்பவற்றை மட்டும் துவைக்காதீர்கள். பிசிறு எடுத்து அளவு கெட்டுவிடும். அங்கே 18க்கு 22 அங்குலத் துண்டாக விற்கும் 'ஃபேட் குவார்ட்டர்' என்று இங்கே கேட்டால் பெரும்பாலான கடைகளில் புரியாது. கால் மீட்டர் கேட்டால் 10 அங்குல அகலத்தில் நீண்ட நாடாவாக வெட்டித் தருவார்கள். அரை மீட்டராக வாங்கி நீங்களே அகலத்தில் இரண்டாக்கினால், உங்களுக்குப் பழகிய அந்த அளவு அநேகமாக வந்துவிடும். ஜெய்ப்பூர் அச்சும் மசூலிப்பட்டினம் கலம்காரியும் அங்கே விலை மிகுந்தவை. பெட்டியில் இடம் இருந்தால் அவற்றுக்குக் கொடுங்கள். வெறும் நிறத் துணியைச் சுமந்து செல்லாதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சுத் தகடு தேவையா? வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறது. அதைப் பரப்பித் தைக்கலாமா?

இலவம் பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் வழுவழுப்பானவை, குட்டையானவை, ஒன்றையொன்று பற்றாது. தலையணை உறைக்குள் அடைபட்டு இருக்கும் வரை நன்று. போர்வையில் பரப்பித் துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டு நிற்கும். கடைகளில் சுருளாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் தகடு மலிவு, கனமில்லை. ஆனால் காற்றை விடாது, வேர்க்கும். மெல்லிய பருத்தித் தகடு கிடைத்தால் அதுவே சிறந்தது. அது 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். முதல் சலவைக்குப் பின் வரும் சிறு சுருக்கங்கள் குயில்ட்டுக்கு அழகு என்பது என் கட்சி. எவ்வளவு இடைவெளியில் தைக்க வேண்டும் என்பதைத் தகட்டின் உறையில் போட்டிருப்பார்கள். அதை மீறினால் பருத்தியும் திரளும். எதுவும் கிடைக்காவிட்டால் துவைத்து நைந்த வேட்டியை இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள். வங்காளத்துக் காந்தாப் போர்வை காலங்காலமாகப் பழைய துணி அடுக்கில்தான் நிற்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி வெயிலுக்கு அதுவே மிகுதி.

சேலம் வாசகி: பாட்டியின் கால்மிதி தையல் இயந்திரத்தில் குயில்ட் தைக்கலாமா?

தாராளமாக. துண்டு இணைப்பதற்கு நேர்த்தையல் மட்டுமே தேவை. அதில் அந்தக் கறுப்பு இயந்திரங்களை மிஞ்ச ஆளில்லை. மூன்றடுக்கைத் தைக்கும்போது மட்டும் ஊசியை 90/14 எண்ணுள்ளதாக மாற்றி, பாதத்தின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துங்கள்.

பெங்களூரு வாசகி: வெட்டியதில் மிஞ்சிய கோணல் துண்டுகளை எறிய மனமில்லை, சதுரமாக்கவும் பொறுமையில்லை. தமிழ் மரபில் இதற்கேற்ற ஒட்டுத்துணி வேலை உண்டா?

தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்களுக்கும் தேர்களுக்கும் தைக்கும் தொம்பைகள் நம் ஒட்டுத்துணி வேலையின் உச்சம். ஆனால் அவை தொங்கவிடும் அலங்காரங்கள். போர்த்திக்கொள்ளும் அடுக்குத் தையல் அல்ல. உங்கள் துண்டுகளுக்கு ஏற்றது நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே இருக்கிறது. உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையில் அளவு வெட்டுவதே கிடையாது. பழைய சேலையை மடித்து அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கையில் கிடைக்கும் துண்டின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி வந்து, அடுத்த சுற்றுக்கு உள்ளே இறங்கி, நடுவில் போய் முடிப்பார்கள். இணைப்பதும் குயில்ட் செய்வதும் ஒரே தையல். முன்பக்கம் மட்டும் முடிந்து பெட்டிக்குள் போகும் வாய்ப்பே அதில் இல்லை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளைத் தைப்பார்கள். ஃபூலா என்று பெயர்.

முதல் முறை தைக்கும்போது குழந்தைக்கான அளவு போதும். துண்டுகளை உள்ளங்கை அளவுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்ப் பனியன் துணி ஒன்றிரண்டு உங்கள் குவியலில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பின்னல் துணி இழுபட்டுப் பக்கத்துத் துண்டுகளையும் கூட்டிப் பிடித்துவிடும். நூல் இயந்திர நூலைவிடத் தடித்ததாக, இரட்டையாகக் கோத்ததாக இருக்கட்டும். வரிகளுக்கு இடையே ஒரு விரல் அகலத்துக்கு மேல் விட வேண்டாம்.